எதிர்காற்றை அளந்த கதை

எதிர்காற்று அடிக்கும்போது சமதரையும் மேடாகிவிடும் என்பது சைக்கிள் மிதிப்பவர் எல்லோரும் அறிந்ததே. ஆனால் அந்தக் காற்று நம்மை எவ்வளவு விசையுடன் தடுக்கிறது என்று கேட்டால், விடை சொல்வது எளிதன்று. ஓட்டிக்கொண்டே அதை அளக்கும் கருவி வருவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1899 ஜூன் 30-ஆம் நாள், அமெரிக்காவின் லாங் ஐலண்டில் சார்லஸ் மர்ஃபி என்பவர் ஓடும் ரயிலின் பின்னால் சைக்கிள் விட்டார். தண்டவாளங்களுக்கு இடையே பலகைகள் பாவியிருந்தார்கள். ரயிலின் பின்புறம் கட்டியிருந்த மறைப்பு அவருக்காகக் காற்றைக் கிழித்துச் சென்றது. ஒரு மைல் தூரத்தை 57.8 வினாடிகளில் கடந்தார். மணிக்கு 100 கி.மீ. வேகம்! காற்றின் தடை எவ்வளவு பெரிது என்பதை ஊரே கண்டது. ஆயினும் அது வேடிக்கையே ஒழிய அளவீடு அன்று.

அளந்தவர்களுள் ஒருவர் பாரிஸ் கோபுரத்தைக் கட்டிய ஐஃபல். அவர் 1903 முதல், கோபுரத்தின் இரண்டாம் தளத்திலிருந்து பலவடிவத் தகடுகளைக் கம்பி வழியே விழச் செய்து, காற்றின் தடையைப் பதிவு செய்தார். 1909-இல் கோபுரத்தின் அடியிலேயே காற்றுச் சுரங்கம் ஒன்றும் அமைத்தார். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும் என்னும் விதிக்கு இத்தகைய சோதனைகள் வலுவூட்டின.

இவ்விதியைச் சைக்கிளுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஓட்டுபவரின் முகப்புப் பரப்பையும் வடிவத்தையும் சேர்த்துக் குறிக்கும் எண்ணைத் 'தடைப் பரப்பு' என்று வைத்துக்கொள்வோம். குனிந்து ஓட்டுபவருக்கு இது சுமார் 0.3 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோகிராம். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்பவரைக் காற்று 18 நியூட்டன் விசையுடன் தடுக்கும். அதை வெல்ல 180 வாட் திறன் வேண்டும். வினாடிக்கு 2 மீட்டர் எதிர்காற்று அடித்தால் இதுவே 259 வாட் ஆகிவிடும். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 115 வாட் போதும். இரண்டுக்கும் சராசரி 187, 180 அன்று. போகும்போது இழந்ததை வரும்போது முழுதும் திரும்பப் பெற முடியாது என்பதைக் கவனியுங்கள்.

1986-இல் ஜெர்மனியில் உல்ரிக் ஷோபரர் என்ற பொறியாளர் சைக்கிளின் கிராங்கில் திரிபுமானிகளைப் பொருத்தினார். மிதிக்கும்போது உலோகம் நுண்ணிய அளவு வளைகிறது. அதனால் திரிபுமானியின் மின்தடை மாறுகிறது. இதிலிருந்து முறுக்கு விசையையும், சுழலும் வேகத்தைச் சேர்த்துத் திறனையும் அறியலாம். கால்கள் எத்தனை வாட் தருகின்றன என்பது சாலையிலேயே தெரிந்தது.

1989 பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் இறுதி நாள் ஓட்டம் 24.5 கி.மீ. கிரெக் லெமாண்ட் 50 வினாடி பின்தங்கியிருந்தார். கைகளை முன்னே நீட்டிக் குனிய உதவும் புதிய கைப்பிடியோடு ஓட்டிய அவர், 8 வினாடி வித்தியாசத்தில் லோரான் ஃபினியோனை வென்றார். வென்றது கைப்பிடியா, காலா? வாதம் ஓயவில்லை. வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க இயலாது. திறனும் தெரியவேண்டும், காற்றும் தெரியவேண்டும்.

1998-இல் ஜேம்ஸ் மார்ட்டின் குழுவினர், காற்றுச் சுரங்கத்தில் அளந்த தடையைக் கொண்டு, சாலையில் தேவைப்படும் திறனைக் கணக்கிட்டனர். அதைத் திறன்மானியுடன் ஒப்பிட்டபோது, திறனில் கண்ட ஏற்ற இறக்கங்களில் 97 விழுக்காடு கணக்கிலும் வந்தது. கணக்கு இவ்வளவு சரியென்றால், காலை அளக்காமல் தடைகளை மட்டும் அளந்தே திறனைக் கூறலாமே! 2000-களின் நடுவில் அமெரிக்காவில் வெலோகாம்ப் நிறுவனம் வெளியிட்ட 'ஐபைக்' அவ்வாறே செய்தது. கைப்பிடியில் பொருத்திய சிறு பெட்டி. முன்புறம் காற்று புகும் துளை. உள்ளே அழுத்தமானியும் முடுக்கமானியும். துளையின் தத்துவம் பழையது. 1732-இல் ஆன்ரி பித்தோ வளைந்த கண்ணாடிக் குழாயால் செய்ன் நதியின் ஓட்டத்தை அளந்த அதே முறைதான். (இக்கருவியை நியூட்டனின் மூன்றாம் விதியால் விளக்குவோர் உண்டு, கணக்கில் உழைப்பது இரண்டாம் விதியே.)

கருவியைச் செம்மை செய்வதில்தான் தொல்லை. வினாடிக்கு 10 மீட்டர் காற்று தரும் அழுத்தம் 60 பாஸ்கல். 6 மில்லிமீட்டர் நீர்மட்டம், அவ்வளவே! போதாக்குறைக்கு, ஓட்டுபவரின் உடல் முன்னால் வரும் காற்றைத் தேக்குவதால், துளை உணர்வது உண்மைக் காற்றன்று. ஆகவே காற்று குறைந்த நாளில், ஒரே சாலையில், சீரான வேகத்தில் போய்த் திரும்ப வேண்டும். சக்கரம் காட்டும் தூரமும், துளையைக் கடந்த காற்றின் மொத்த நீளமும் சமமாகும்வரை ஒரு பெருக்கெண்ணை மாற்றவேண்டும். சாய்வுக்கும் இதே முறைதான்: போன ஏற்றமும் வந்த இறக்கமும் கூடிப் பூச்சியமாக வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்வுப் பிழையே, 85 கிலோ மொத்த எடைக்கு 8 வாட் தவறு தரும்.

தடைப் பரப்புக்கு வேறு வழி. வேகமாகச் சென்று மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். வேகம் குறையும் வீதத்தை எடையால் பெருக்கினால் மொத்தத் தடை கிடைக்கும். உயர் வேகத்தில் காற்று மிகுதி. தாழ் வேகத்தில் டயரின் உருளல் தடை மிகுதி. ஆக இரண்டையும் பிரித்துவிடலாம். ஆனால் நிமிர்ந்தபடி இச்சோதனையைச் செய்துவிட்டுப் பிறகு குனிந்து ஓட்டினால், கருவி உழைக்காத உழைப்பையும் உழைத்ததாகக் காட்டும். அதற்குக் காற்று தெரியும், முதுகு தெரியாது. கிராங்கிலுள்ள திறன்மானிக்கோ காலைத் தெரியும், காற்று தெரியாது.

2003-ஐ ஒட்டி ராபர்ட் சுங் என்பவர் முன்வைத்த முறை, திறன்மானியைக் கொண்டே தடைப் பரப்பைத் தேடியது. ஒரு வட்டச் சாலையில் பலமுறை சுற்றி, திறனையும் வேகத்தையும் பதிவு செய்யவேண்டும். தடைப் பரப்பு இன்னது என்று ஊகித்து, அதைக் கழித்தபின் மிஞ்சும் திறனைக் கொண்டு சாலையின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் புறப்பட்ட இடம் அதே உயரத்தில் வரும்வரை ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகலாம். தடைப் பரப்பைக் குறைத்து ஊகித்தால் சாலை சுற்றுக்குச் சுற்று உயர்ந்துகொண்டே போகும். நடுவில் எதிர்காற்று எழுந்தால் வரைபடத்தில் இல்லாத மேடு ஒன்று முளைக்கும்.