ஆழ்வார்: ஆழ்ந்தவரா, ஆள்பவரா?

திருவாய்மொழி குருகூர் என்று பாடும் ஊர், பொருநையின் தென்கரையில் இன்று ஆழ்வார்திருநகரி என்று வழங்குகிறது. திருவாய்மொழியைப் பாடிய நம்மாழ்வாரால் வந்த பெயர் என்பதில் ஐயமில்லை. 'ஆழ்வார்' என்றால் என்ன பொருள் என்று கேட்டால், பள்ளிக்கூடம் முதல் உபந்நியாச மேடை வரை ஒரே விடைதான் கிடைக்கும்: இறைவனின் குணக்கடலில் ஆழ்ந்தவர். விளக்கம் அழகானது, ஆனால் அது சொல்லின் பிறப்பைக் காட்டவில்லை, பிற்காலத்தார் சொல்லுக்குள் கண்ட பொருளையே காட்டுகிறது. சொல்லின் வேர் 'ஆழ்' அன்று, 'ஆள்'. நம்மை ஆளும் தலைவர் என்பதே அதன் முதற்பொருள். பிரான்சுவா குரோவுக்கான பாராட்டு மலரில் (2004) ஆய்வாளர் எஸ். பழனியப்பன் கல்வெட்டுச் சான்றுகளைத் திரட்டி இந்த முடிவை நிறுவினார். குருகூரிலேயே கிடைக்கும் சான்றுகளும் அதற்கு வலுச் சேர்க்கின்றன.

ஆதிநாதர் கோயிலில் நம்மாழ்வார் யோகத்தில் அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் உறங்காப்புளியை அடியார்கள் 'திருப்புளியாழ்வார்' என்கிறார்கள். பக்தியில் ஆழ்ந்த மரம் என்று இதற்குப் பொருள் சொல்ல முடியுமா? அம்மரம் ஆதிசேடனின் அம்சம், ஆகவே அதுவும் பக்தனே என்று மறுக்கலாம். அந்த மறுப்பு மரத்தோடு நின்றுவிடும். திருமாலின் கையிலுள்ள சக்கரம் சக்கரத்தாழ்வார். இராமாநுசருக்குப் பிள்ளைப் பெயர் இளையாழ்வார். தாதாபுரத்தில் சோழ இளவரசி குந்தவை எடுத்த திருமால் கோயிலின் இறைவனையே கல்வெட்டு 'குந்தவை விண்ணகர் ஆழ்வார்' என்கிறது. எண்ணாயிரத்து இறைவனும் 'இராசராச விண்ணகர் ஆழ்வார்' ஆகிறார். தன் குணத்தில் தானே ஆழும் கடவுளைக் கல்வெட்டு எழுதியவர்கள் கருதியிருக்க வழியில்லை. குந்தவையும் தஞ்சைக் கல்வெட்டுகளில் 'ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்' என்ற சிறப்போடு வருகிறார். அவர் அரசர் இராசராசனின் தமக்கை. பாசுரம் பாடியவர் அல்லர். கடவுள், இளவரசி, ஆயுதம், மரம், கவிஞர் ஆகிய அனைவருக்கும் பொருந்தும் பொருள் தலைமை ஒன்றே.

நம்மாழ்வாரின் சொல்லாட்சியும் இதையே உணர்த்துகிறது. திருவாய்மொழியின் 4ஆம் பத்து முதல் பதிகத்தில் 'ஆழ்ந்தார்' என்ற சொல் வருகிறது. அங்கே அது இறையன்பில் மூழ்கியவரைச் சுட்டவில்லை. செல்வத்தில் வாழ்ந்து நீர்க்குமிழிபோல் மாய்ந்து போனவர்களைச் சுட்டுகிறது. 3ஆம் பத்தின் 7ஆம் பதிகமோ, திருமாலின் அடியார் எக்குலத்தவராயினும் அவர்களே பிறவிதோறும் தம்மை ஆளும் தலைவர்கள் என்று திரும்பத் திரும்பக் கூறுகிறது. அடியாரை ஆள்பவர் என்று போற்றும் மரபு கவிஞரின் உள்ளத்திலேயே வேரூன்றியிருந்தது. கோதையை நாம் அழைக்கும் 'ஆண்டாள்' என்ற பெயரும் அதே வினையிலிருந்து வந்ததே. சைவத்தில் சம்பந்தர் ஆளுடைய பிள்ளையார், நாவுக்கரசர் ஆளுடைய அரசு, சுந்தரர் ஆளுடைய நம்பி. ஒரே காலத்துப் பக்தி மரபில் ஆழ்வார் என்ற சொல் மட்டும் தனி வழி சென்றது என்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

அப்படியானால் ளகரம் ழகரமானது எப்படி? தென்பாண்டி நாட்டார் பேச்சில் 'பழம்' 'பளம்' ஆகிறது. இவ்வாறு ழகரம் மறையும் வழக்கில், திருத்தமாக எழுத முயல்பவர் இயல்பான ளகரத்தையும் பிழையென்று எண்ணி ழகரமாக்குவது உண்டு. பிரவாளத்திலிருந்து வந்த 'பவளம்' 'பவழம்' ஆனது இப்படித்தான். ஆள்வாருக்கும் இதுவே நேர்ந்தது. 9ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் மாற்றம் நிகழ்ந்தது என்கிறார் பழனியப்பன். ஆங்கிலத்தின் 'ஐலண்ட்' என்ற சொல்லுக்குள் ஒலிக்காத 'எஸ்' புகுந்ததும் தவறான வேர் கற்பித்ததால்தான். எழுத்து மாறிய பின் புதிய எழுத்துக்கு ஏற்ற பொருளை மக்கள் மனம் தேடிக்கொள்கிறது. கல்வெட்டு எழுதியோர் ழ, ள வேறுபாட்டில் கவனமற்றவர்கள், எழுத்தை நம்பலாமா என்று கேட்பது நியாயமே. அதனால்தான் இக்கட்டுரை எழுத்தைவிட வழக்கைச் சார்ந்து நிற்கிறது. குந்தவையின் பட்டத்தை எந்த எழுத்தில் எழுதினாலும் அதன் பொருள் மாறப்போவதில்லை.

வழிவழியாக வைணவ ஆசிரியர்கள் கொண்ட பொருளைத் தள்ளலாமா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. தள்ள வேண்டியதில்லை. ஆழ்ந்தவர் என்ற விளக்கம் பாசுரங்களை உணர்ந்து வாசித்தவர்களின் அனுபவத்தில் பிறந்தது. சமய வரலாற்றில் அதற்குரிய இடம் உண்டு. ஆனால் அனுபவப் பொருளைச் சொற்பிறப்பாகக் கற்பிக்கும்போது ஒரு பெரிய உண்மை மறைந்துபோகிறது. அரசர்க்கும் கடவுளுக்கும் உரிய பட்டத்தை, வேளாளர் குலத்தில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் ஒரு கவிஞருக்குத் தமிழ்ச் சமூகம் சூட்டியது. அவர் பட்டத்தையே ஊரின் பெயராகவும் ஏற்றது. ழகர வடிவம் நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டாம். அகராதிகளும் பாடநூல்களும் 'ஆள்பவர்' என்ற பொருளை முதலில் தந்து, 'ஆழ்ந்தவர்' என்பதைப் பிற்கால விளக்கம் என்று குறித்து அடுத்து வைக்க வேண்டும்.