விபிஎன் கிளையன்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் கட்டாய அணுகல் கொள்கை

கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்பது, எந்தச் செயல்முறை எந்தக் கோப்பை, சாதனத்தை, சாக்கெட்டைத் தொடலாம் என்பதை உரிமையாளரின் விருப்பத்துக்கு விடாமல், இயங்குதளத்தின் கர்னலே மைய விதித்தொகுப்பு ஒன்றைப் பார்த்து முடிவு செய்யும் முறை. யூனிக்ஸ் மரபில் வந்த சாதாரணக் கோப்பு அனுமதிகளை உரிமையாளர் நினைத்தபோது மாற்றலாம்; ரூட் பயனருக்கோ அவை ஒரு பொருட்டே இல்லை. கட்டாயக் கட்டுப்பாட்டில் ரூட்டும் விதிக்கு உட்பட்டதுதான். லினக்ஸில் எஸ்இலினக்ஸ் கொள்கையின்கீழ் ஓபன்விபிஎன் கிளையன்ட் எப்படி அடைக்கப்படுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். விபிஎன் என்றாலே நெட்வொர்க் என்பதால், அதை அடைக்கும் கொள்கையின் பலமும் நெட்வொர்க் விதிகளில்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கொள்கையில் மிகவும் நொய்ந்த பகுதி அதுவே. கொள்கை உண்மையில் வேலை செய்கிறதா என்பது வேறு இரண்டு இடங்களில் தெரிந்துவிடும்: பயனரின் தனிச் சாவி எந்த லேபிளுடன் கிடக்கிறது, கிளையன்ட் கூப்பிடும் ஸ்கிரிப்ட் எந்த வகையில் ஓடுகிறது.

விபிஎன் கிளையன்ட்டைத் தனியாக அடைக்கவேண்டிய காரணம், மூன்று ஆபத்தான பொறுப்புகள் அந்த ஒரே செயல்முறையில் வந்து சேர்வது. டன் என்ற மெய்நிகர் நெட்வொர்க் சாதனத்தை உருவாக்கவும் ரூட்டிங் அட்டவணையை மாற்றவும் அதற்கு நிர்வாக அதிகாரம் வேண்டும். எதிர்முனையிலிருந்தும் இடையிலுள்ள பிராக்ஸியிலிருந்தும் வரும் நம்பத்தகாத தரவை அதுவே பிரித்துப் படிக்கிறது. பயனரின் சாவியும் கடவுச்சொல்லும் அதன் கையில்தான் இருக்கின்றன. நன்றாகச் சோதிக்கப்பட்ட நிரலுக்கு இத்தனை காவல் தேவையா என்று கேட்பவர்களுக்கு 2017 பதில் சொல்கிறது. அந்த ஆண்டு மே மாதம் ஓபன்விபிஎன் மீதான இரண்டு தனித்தனிப் பாதுகாப்புத் தணிக்கைகளின் முடிவுகள் வெளியாயின. அடுத்த மாதமே, ஃபஸ்ஸிங் சோதனையில் வேறு பல குறைகள் வெளிப்பட்டு 2.4.3 பதிப்பு வந்தது. அவற்றுள் சிவிஇ-2017-7520 கிளையன்ட்டைத் தாக்குவது: என்டிஎல்எம் அங்கீகாரத்துடன் எச்டிடிபி பிராக்ஸி வழியே செல்லும் கிளையன்ட்டை, பிராக்ஸிக்கும் அதற்கும் நடுவே நிற்பவர் முடக்கலாம், அல்லது அதன் ஸ்டாக் நினைவகத்திலிருந்து தகவலைக் கசியவைக்கலாம். தணிக்கை செய்தவர்கள் திறமையற்றவர்கள் அல்ல. சி மொழியில் எழுதிய பெரிய நிரலில் எல்லாப் பிழைகளையும் கண்ணால் பிடித்துவிட முடியாது. ஆகவே நிரல் உடைந்தபின் என்ன நடக்கும் என்பதற்கும் முன்னேற்பாடு வேண்டும்.

எஸ்இலினக்ஸை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்டது. 2003இல் அது 2.6 கர்னலின் அங்கமாயிற்று. அதன் அடிப்படை எளிது. ஒவ்வொரு செயல்முறைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வகைப்பெயர் லேபிளாக ஒட்டப்படும். எந்த வகை எந்த வகையை என்ன செய்யலாம் என்று கொள்கையில் எழுதியிருந்தால் மட்டுமே அது நடக்கும், எழுதாதது எல்லாம் மறுப்பு. கணினி துவங்கும்போது சிஸ்டம்டி ஓபன்விபிஎன் நிரலை இயக்கினால், அந்த நிரல்கோப்பின் லேபிளைப் பார்த்துக் கர்னல் புதிய செயல்முறையை ‘ஓபன்விபிஎன்_டி’ என்ற வகைக்கு மாற்றுகிறது. அதே நிரலை நிர்வாகி முனையத்தில் சூடோ போட்டு ஓட்டினால், பொதுவாக அது கட்டுப்பாடற்ற வகையிலேயே ஓடிவிடும். ‘கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, சேவையாக ஓட்டினால் அனுமதி மறுப்பு’ என்ற பழகிப்போன புகாரின் வேர் இங்கேதான் இருக்கிறது. இரண்டு முறையும் ரூட்தான், இரண்டு முறையும் ஒரே நிரல்தான். வேறுபடுவது வகை மட்டும்.

இனி நெட்வொர்க் விதிகள். கொள்கையில் 1194ஆம் போர்ட்டுக்கு ஓபன்விபிஎன் பெயரிலேயே ஒரு லேபிள் உண்டு. படிப்பவருக்கு, கிளையன்ட் அந்தப் போர்ட்டுக்கு மட்டுமே பேசும் என்ற எண்ணம் வரும். ஆனால் இணைப்பு செல்லும் போர்ட்டை எஸ்இலினக்ஸ் சோதிப்பது டிசிபி, டிசிசிபி, எஸ்சிடிபி நெறிமுறைகளுக்கு மட்டும். ஓபன்விபிஎன் இயல்பாகப் பயன்படுத்துவது யுடிபி. டிசிபியில் செல்பவர்களும் வழியிலுள்ள ஃபயர்வால்களைத் தாண்டுவதற்காக 443ஆம் போர்ட்டையே நாடுகிறார்கள். உலகத்தின் பாதிச் சேவைகள் அந்தப் போர்ட்டில்தான் காத்திருக்கின்றன. இதற்கு மேல் எந்த டிசிபி போர்ட்டுக்கும் செல்ல அனுமதிக்கும் பூலியன் சுவிட்ச் ஒன்றும் இருக்கிறது. உடைந்த கிளையன்ட் தாக்குபவரின் சர்வரோடு பேசுவதைத் தடுக்க இவை போதாது. ‘நெட்_அட்மின்’ என்ற கர்னல் அதிகாரமோ ரூட்டிங், இடைமுக முகவரி என்று பலவற்றையும் ஒரே மூட்டையாகத் தருகிறது. ஒரு ரூட்டிங் பாதையைச் சேர் என்று அனுமதித்துவிட்டு, தப்பான பாதையைச் சேர்க்காதே என்று சொல்லக் கொள்கை மொழியில் வழி இல்லை.

கோப்புகளின் பக்கம் திரும்பினால் நிலைமை வேறு. ஓபன்விபிஎன்னுக்கான சிஸ்டம்டி கிளையன்ட் சேவைக்கோப்பு அந்தச் செயல்முறைக்கு விட்டுவைக்கும் அதிகாரங்களில் சாதாரணக் கோப்பு அனுமதிகளை மீறிப் படிக்கும் திறனும் ஒன்று. பயனர் தம் சாவியை 600 அனுமதியில் எவ்வளவு கவனமாகப் பூட்டி வைத்தாலும், அந்தத் திறன் உள்ள செயல்முறைக்கு அது திறந்த கதவுதான். ஒரு பயனரின் கோப்பை இன்னொரு பயனரின் பெயரில் ஓடும் செயல்முறையிடமிருந்து பாதுகாக்கும் பழைய ஏற்பாடு இங்கே உதவாது, லேபிள் உதவும். வீட்டு அடைவிலுள்ள பொதுக் கோப்புகளுக்கு ‘யூசர்_ஹோம்_டி’ என்றும், எஸ்எஸ்எச் சாவிகளுக்குத் தனியாகவும், ‘.செர்ட்’ என்ற மறை அடைவிலுள்ள சான்றிதழ்களுக்கு ‘ஹோம்_செர்ட்_டி’ என்றும் வகைகள் உண்டு. கடைசியில் சொன்ன வகை, விபிஎன் கிளையன்ட் போன்றவை வீட்டு அடைவில் தங்களுக்கு வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு. நடைமுறையில் இது சறுக்கும் இடம் மிகச் சிறியது. நிறுவனம் அனுப்பிய சான்றிதழைப் பயனர் ‘டவுன்லோட்ஸ்’ அடைவில் இறக்குகிறார். பிறகு எம்வி கட்டளையால் ‘.செர்ட்’ அடைவுக்கு நகர்த்துகிறார். எம்வி பழைய லேபிளையும் கூடவே கொண்டுபோய்விடும். சிபி கட்டளையால் நகலெடுத்திருந்தால் சேரும் அடைவின் லேபிள் ஒட்டியிருக்கும். வீட்டு அடைவைத் திறந்துவிடும் பூலியன் சுவிட்ச் மூடியிருக்கும் கணினியில், சரியான இடத்தில் சரியான அனுமதியோடு உட்கார்ந்திருக்கும் கோப்பை ரூட்டால்கூடத் திறக்க முடியவில்லை என்று லாக் சொல்லும். ரீஸ்டோர்கான் கட்டளையை அந்த அடைவின்மீது ஒருமுறை ஓட்டினால் லேபிள் திருந்திவிடும்.

பலரும் அதைச் செய்வதில்லை. வீட்டு அடைவு முழுவதையும் ஓபன்விபிஎன்னுக்குத் திறந்துவிடும் பூலியனைப் போட்டுவிடுகிறார்கள். சில விநியோகங்களில் அது திறந்த நிலையிலேயே வருகிறது. இணைப்பு உடனே கிடைத்துவிடும். ஆனால் ஒரு சாவிக்கோப்பைப் படிப்பதற்காக, பயனரின் ஆவணங்களையும் படங்களையும் நெட்வொர்க்கை நோக்கி நிற்கும் செயல்முறையின் பார்வைக்கு வைத்துவிட்டோம். போர்ட் விதி தளர்ந்தால் அதிகம் இழப்பதில்லை, ஏனென்றால் அது முதலிலேயே அதிகம் தடுக்கவில்லை. இந்தச் சுவிட்ச் தளர்ந்தால் கொள்கையின் பயனில் பெரும்பகுதி போய்விடுகிறது.

இரண்டாவது இடம் ஸ்கிரிப்ட். ஓபன்விபிஎன் அமைப்புக்கோப்பில் ‘அப்’ என்ற ஒரு வரி எழுதினால், இணைப்பு எழும்போது அந்தக் கட்டளை ஓடும். வெளிக் கட்டளைகளை அனுமதிக்கும் ஸ்கிரிப்ட் பாதுகாப்பு நிலையை உயர்த்தும் வரியும் அதே கோப்பிலேயே இருக்கலாம். ஆக, யாரோ அனுப்பிய அமைப்புக்கோப்பு வெறும் தரவு அல்ல. ரூட் அதிகாரத்தில் ஓடக்கூடிய நிரல். நிரலில் எந்தப் பிழையும் தேவையில்லை. எழுதியபடியே அது நடந்துகொள்கிறது. கொள்கை இதை இரண்டு வழியில் கையாள்கிறது. சாதாரண ஷெல் கட்டளை கிளையன்ட்டின் வகையிலேயே தங்கி ஓடும். தாக்குபவர் எழுதிய வரி ஓடினாலும் எஸ்எஸ்எச் சாவியைத் தொட அந்த வகைக்கு விதி இல்லை. கட்டுப்பாடின்றி ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகளுக்கோ தனி லேபிளும் அதைத் திறக்கத் தனிப் பூலியனும் உண்டு. நிர்வாகி அந்தப் பூலியனைத் திறந்தால், அடைப்பின் சுவரில் அவரே வாசல் வைத்ததாகும். லேபிளுக்குப் பதில் கோப்புப்பாதையை நம்பும் மற்றொரு கட்டாய அணுகல் அமைப்பான ஆப்ஆர்மரிலும் இதே கேள்வி வேறு உருவில் வருகிறது: கூப்பிட்ட நிரலின் வரையறையிலேயே ஓடுவது, தனி வரையறைக்கு மாறுவது, வரையறையே இன்றி ஓடுவது என மூன்று இயக்க முறைகள். விபிஎன் வரையறை ஒன்றைச் சரிபார்ப்பவர் முதலில் தேட வேண்டியது அந்த மூன்றாவது முறை எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்பதை.

இதற்கெல்லாம் ஒரு வலுவான மறுப்பு உண்டு: சாவியைப் படித்து, டன் சாதனத்தைத் திறந்ததும் கிளையன்ட் ரூட் அதிகாரத்தைக் கைவிட்டு ‘நோபடி’ பயனராகிவிடலாமே, பிறகு கொள்கை எதற்கு? அந்த வசதி ஓபன்விபிஎன்னில் நெடுங்காலமாக இருக்கிறது, பயனுள்ளதும்கூட. ஆனால் இணைப்பு அறுந்து மீண்டும் எழும்போது சாவியை மறுபடி படிக்கவோ ரூட்டிங் பாதையை மறுபடி எழுதவோ முடியாமல் தவித்ததால், நடைமுறையில் பலர் அதைப் போடவே இல்லை. 2023இல் வந்த 2.6 பதிப்புதான் லினக்ஸில் பயனரை மாற்றும்போது நெட்_அட்மினை மட்டும் தக்கவைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. மேலும், பயனர் மாற்றம் என்பது நிரல் தானாக முன்வந்து செய்வது. அமைப்புக்கோப்பிலிருந்து ஒரு வரியை நீக்கினால் போயிற்று. வகைமாற்றம் கர்னல் செய்வது. இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல என்பதை ஓபன்விபிஎன்னே ஏற்றுக்கொள்கிறது: துவக்க வேலைகள் முடிந்தபின் இன்னும் குறுகிய எஸ்இலினக்ஸ் வகைக்குள் தானே புகுந்துகொள்ள ‘செட்கான்’ என்ற விருப்பத்தை அது தருகிறது.

கொள்கை எதைத் தடுக்காது என்பதையும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். நினைவகத்திலுள்ளதைக் கசியவிடும் 2014இன் ஹார்ட்பிளீட் குறை ஓபன்விபிஎன்னையும் பாதித்தது. செயல்முறையின் நினைவகத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட சாவி அப்படிக் கசிந்தால் எந்த லேபிளும் தடுக்காது. 2024இல் டன்னல்விஷன் என்று பெயர் பெற்ற தாக்குதல், உள்ளூர் நெட்வொர்க்கின் டிஎச்சிபி சர்வர் வழியாகவே ரூட்டிங் பாதைகளைத் திணித்து, டன்னலுக்கு வெளியே போக்குவரத்தைத் திருப்பியது. அங்கே விபிஎன் செயல்முறை எந்த விதியையும் மீறவே இல்லை. வயர்கார்டு என்ற வேறொரு விபிஎன் 2020 முதல் கர்னலின் பகுதி. ஓபன்விபிஎன்னும் தரவுப்பாதையைக் கர்னலுக்குள் தள்ளும் வசதியை 2.6 பதிப்பில் பெற்றது. கர்னலுக்குள் ஓடும் நிரலின்மீது செயல்முறைக் கொள்கைக்கு அதிகாரம் இல்லை. இவை கொள்கையின் எல்லைகள். அதைக் கைவிடக் காரணங்கள் அல்ல. செயல்முறையை அடைப்பது ஒரு வேலை, போக்குவரத்தைக் காப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்யவில்லை என்று முதலாவதைக் குறை சொல்வது முறையல்ல.

நெட்_அட்மின் மூட்டையை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஆண்ட்ராய்டு ஒரு விடை கண்டது. 2011இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து, விபிஎன் செயலி டன் இடைமுகத்தைத் தானே உருவாக்குவதில்லை. இயங்குதளம் உருவாக்கி, ரூட்டிங் பாதைகளை எழுதி, திறந்த கோப்புக்கைப்பிடியை மட்டும் செயலியிடம் தருகிறது. அதனால் 2014இல் 5.0 பதிப்பு எஸ்இலினக்ஸை முழுமையாக அமலாக்கியபோது, விபிஎன் செயலி மற்ற எந்தச் செயலியையும் போல நம்பத்தகாத செயலிகளின் வகையிலேயே இருக்க முடிந்தது. லினக்ஸ் மேசைக்கணினியில் நெட்வொர்க்மேனேஜர் அதே திசையில் பாதித் தூரம் வந்திருக்கிறது: ரூட்டிங் பாதையையும் முகவரியையும் தானே அமைத்துக்கொண்டு, ஓபன்விபிஎன்னை அந்த வேலைகளைச் செய்யாதே என்று சொல்லித் தனிப் பயனரின் பெயரில் ஓட்டுகிறது. அப்படி ஓடும் கிளையன்ட்டுக்கு ரூட்டிங்கை மாற்றும் அனுமதியோ பொது ஷெல்லோ தேவையே இல்லை. ஆனால் சேவையாகத் தனித்து ஓடும் ஓபன்விபிஎன்னும், நெட்வொர்க்மேனேஜரின் கீழ் ஓடுவதும் ஒரே ‘ஓபன்விபிஎன்_டி’ வகையில் வருவதால், குறைவாகக் கேட்பவருக்கும் அதிகம் கேட்பவரின் அனுமதிகளே கிடைக்கின்றன. இந்த இரண்டையும் இரு வகைகளாகப் பிரித்து எழுதுவது போர்ட் விதிகளை மேலும் இறுக்குவதைவிடப் பயன் தரும் வேலை.