மூட்டுவாதச் சிகிச்சையில் செவிலியர்: தரப் பிரமாணங்களின் வளர்ச்சியும் கேரளத்தின் தமிழ் எல்லைப் பகுதிகளும்

முடக்குவாதம் ஒருமுறை மருந்தெழுதிக் கொடுத்த அளவில் தீர்ந்துபோகும் வியாதியன்று. ஆண்டுக்கணக்காக மூட்டு வீக்கத்தைக் கணக்கிட்டும், இரத்தத்தைச் சோதித்தும், மருந்தினால் விளையக்கூடிய தீங்கைக் கண்காணித்தும் வரவேண்டிய நோயாதலால், அதன் சிகிச்சையில் செவிலியரின் பங்கு படிப்படியாக விரிந்து வந்திருக்கிறது. அவ்விரிவு எவ்வாறு தரப் பிரமாணங்களாக உருக்கொண்டது என்பதையும், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ் வழங்கும் எல்லைப் பகுதிகளுக்கு அவற்றோடு இன்னும் சேரவேண்டியது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் 1948இல் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோனைச் செலுத்திய பிலிப் ஹெஞ்ச், 1950இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆயினும் அம்மருந்தை நெடுநாள் உட்கொள்வதன் தீமைகள் விரைவிலேயே புலப்பட்டன. 1980களில் இந்நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து பரவலாயிற்று. வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய அதனை நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை கெட்டு உயிருக்கே அபாயம் நேரும். இரத்த அணுக்களையும் ஈரலையும் தவணை தவறாமல் சோதித்தல் இன்றியமையாதது. செவிலியர் நடத்தும் புறநோயாளர் பிரிவுகள் இத்தகைய கண்காணிப்பின் தேவையை ஒட்டியே வளர்ந்தன.

சிகிச்சையின் தரத்தை அமைப்பு, செய்முறை, பலன் என மூன்றாகப் பகுத்து ஆராயும் நெறியை 1966இல் அவேடிஸ் டொனபீடியன் என்னும் மருத்துவ அறிஞர் வகுத்தார். இவற்றுள் பலனை நோக்கின், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜாக்கி ஹில் முதலியோர் 70 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வு, செவிலியரிடம் சிகிச்சை பெற்றவர்க்கு வலி குறைந்ததையும் நோயறிவு மிகுந்ததையும் காட்டிற்று. பின்னர் பிரிட்டனின் 10 மையங்களில் 181 பேரிடம் நடந்த ஆய்வும் அத்தகைய சிகிச்சை மருத்துவர் தரும் சிகிச்சைக்குத் தாழ்ந்ததன்று என நிறுவியது. ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2012இல் செவிலியர் பணிக்குப் பத்துப் பரிந்துரைகளை வகுத்துப் பின்னர் அவற்றை எட்டாகத் திருத்தியமைத்தது.

கேரளத்தில் இத்தகைய செவிலியர் சிகிச்சைக்கு அடித்தளம் இல்லாமலில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கிற்று. 2008இல் மாநில அரசு அறிவித்த நோய்த்தணிப்புக் கொள்கையின் வழியே பஞ்சாயத்துச் செவிலியர் நோயாளியின் வீடுதேடிச் செல்லலாயினர். 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின் குடும்பச் சுகாதார மையங்களில் மருத்துவரைக் காணுமுன் செவிலியர் செய்யும் முன்பரிசோதனை முறையாயிற்று. மூட்டுவாதக் கண்காணிப்பை இவற்றோடு இணைப்பது புதிய ஸ்தாபனம் ஒன்றை எழுப்புவதினும் எளிது.

எனினும் இடுக்கியின் மூணாற்றில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கும் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை விவசாயிக்கும் ஐரோப்பியப் பிரமாணங்கள் மட்டும் போதா. அரைநாள் கூலியை இழந்து வருபவர்க்கு ஒரே வருகையில் மூட்டுப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் முடிதல் வேண்டும். மருந்தின் தீங்கைக் காட்டும் காய்ச்சலோ வாய்ப்புண்ணோ தோன்றினால் எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பது முன்னரே வரையறுக்கப்படல் வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை உண்ணவேண்டிய கிழமை தமிழில் எழுதித் தரப்பட்டு, நோயாளி அதைத் தம் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்டல் வேண்டும். தமிழில் எழுதும் மனுவுக்குத் தமிழிலேயே விடையளிக்கக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே இடமளித்திருக்க, உயிர்காக்கும் மருந்துக் குறிப்பு மட்டும் அம்மொழியில் இல்லாதிருப்பது நியாயமாகாது. ஆதலின் நோயாளியின் மொழியை உபசாரமாகக் கருதாமல், தரத்தின் முதற் பிரமாணங்களுள் ஒன்றாகவே சுகாதாரத் துறை ஏற்றல் வேண்டும்.