உட்பிரிவு எண்ணும் நில வரலாறும்: திருப்பூர் வட்டாரத்தை முன்வைத்து

திருப்பூர் வட்டார விளைநிலங்கள் பின்னலாடை ஆலைகளாகவும் சாயப்பட்டறைகளாகவும் மாறிய வரலாற்றை ஆராய்வோர்க்குப் புல எண் முதன்மையான சான்றாகும். எடுத்துக்காட்டாக, 125ஆம் புலம் பிரிந்தால் 125/1, 125/2 எனவும், பின்னது மீண்டும் பிரிந்தால் 125/2ஏ, 125/2பி எனவும் எண் பெறும். எண்ணே நிலத்தின் வழிமுறையைச் சுட்டுகிறது. பிரிந்த நாளை அறிய உட்பிரிவு ஆணைக் கோப்பையே நாட வேண்டும்.

இத்தொடர்ச்சி எங்கும் அறுபடாமல் வரவில்லை. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. நகர நில அளவைக்கு உட்பட்ட பகுதிகளில் வார்டு, பிளாக் வாரியாகப் புதிய எண்கள் வழங்கப்பட்டன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைப்பது ஒப்பீட்டுப் பதிவேடே. கணினிப் பட்டாவோ நடப்பு நிலையை மட்டும் காட்டுகிறது.

சாயக்கழிவால் நொய்யல் கரையில் உவரான நிலங்களை ஆராயும்போது இக்குறை பெரிதாகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அந்நாளில் எப்புலம் எப்பயன்பாட்டில் இருந்தது என்பதை இன்றைய வரைபடம் உரைக்காது.

ஆகவே, வரலாற்று நிலத் தரவுத்தளத்தில் பழைய புல எல்லையை அழித்துப் புதியதை எழுதுதல் கூடாது. ஒவ்வொரு எல்லை வடிவத்திற்கும் தொடக்க நாள், முடிவு நாள், தாய்ப்புல எண், ஆணை எண் ஆகிய நான்கையும் பதிதல் வேண்டும். ஒப்பீட்டுப் பதிவேடுகளை மின்னுருவாக்குவதே இதற்கு முதற்பணியாகும்.