கப்பலேறும் முன் நாகப்பட்டினம்: ஊரைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும்

விருத்தாசலம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பழமலைநாதர் கோயில். அடுத்தது பீங்கான். நெய்வேலிப் பகுதியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெள்ளைக் களிமண் இந்தத் தொழிலுக்குக் கைகொடுத்தது. சின்னச் சின்னப் பொம்மைகளும், கோப்பைகளும், மின்சார ஃபியூஸ் கட்டைகளும் இங்குள்ள சூளைகளில் வெந்து ஊர் ஊராகப் போகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசுக் கல்வி நிறுவனமும் இங்கே இருக்கிறது.

ஆனால் 'பீங்கான்' என்ற சொல் விருத்தாசலத்து மண்ணில் பிறந்தது இல்லை. அது பாரசீகச் சொல். மலாய் மொழியிலும் சாப்பிடும் தட்டுக்கு 'பிங்கான்' என்றுதான் பெயர்! கடல் வாணிகம் கரைக்குக் கரை கொண்டுபோய்ச் சேர்த்த சொல் இது. அதே கடல்வழியில்தான் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மக்களும் மலாயாவுக்குப் போனார்கள். விருத்தாசலம் தாலுகாவும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது (1993-ல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கடலூர் மாவட்டத்துக்குள் வந்தது). திருச்சி, சேலம், தஞ்சாவூர், வடார்க்காடு மாவட்டங்களோடு தென்னார்க்காடும் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய முக்கியமான பகுதி. அவர்களில் ஏராளமானோர் கப்பலேறிய இடம் நாகப்பட்டினம்.

இன்று சொகுசுக் கப்பலில் போகிறவர்கள் ஒருநாள் முன்னதாகவே துறைமுக நகரத்துக்கு வந்து, அறை எடுத்து, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுநாள் கப்பலேறுகிறார்கள். நூறு வருடங்களுக்கு முன் நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் ஊரைச் சுற்றிப் பார்த்தார்களா? இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஏனென்றால் அங்கே காத்திருந்தவர்கள் இரண்டு வகை.

ஊரிலிருந்து துறைமுகம் வரை

தென்னிந்திய ரயில்வேயின் கதையில் நாகப்பட்டினத்துக்குத் தனி இடம் உண்டு. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், 1862-ல் அங்கிருந்து திருச்சிக்கும் ரயில் விட்டது. ரயில்வே பணிமனையும் நாகையில்தான் இருந்தது. 1920-களின் இறுதியில்தான் அது திருச்சி பொன்மலைக்கு மாறியது. உள்நாட்டையும் துறைமுகத்தையும் இணைக்கப் போட்ட பாதை இது. சரக்கு வந்த அதே பாதையில் ஆட்களும் வந்தார்கள்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்தப் பயணம் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் 'கார்டு லைன்' 1920-களின் இறுதியில்தான் வந்தது. அதற்கு முன் நடந்தோ மாட்டு வண்டியிலோ கிழக்கே போய், கடலூர், சிதம்பரம் வழியாகச் செல்லும் பழைய மெயின் லைனைப் பிடிக்க வேண்டும். பிறகு மாயவரம். அங்கிருந்து திருவாரூர். அதற்கப்புறம்தான் நாகப்பட்டினம். கடலையே பார்த்திராத ஒரு குடியானவனுக்கு ரயிலும் புதிது, கடலும் புதிது, எதிரே நிற்கும் கப்பலும் புதிது. மூன்றையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடுவான்!

கப்பல் கரைக்கு வராத துறைமுகம்

துறைமுகம் என்றதும் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும் காட்சிதான் மனதில் வரும். நாகப்பட்டினம் அப்படிப்பட்டது அல்ல. கடுவையாற்றின் முகத்துவாரத்தில் படகுகள் வந்துபோகலாம். பெரிய கப்பல்கள் திறந்த கடலில், கரையிலிருந்து தள்ளித்தான் நங்கூரம் போடும். பயணிகளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அந்தக் கொஞ்ச தூரமே பெரிய சோதனை. நாகையில் காத்திருப்பது பயணத்தின் ஒரு பகுதியாகவே ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் காத்திருப்பு ஆங்கிலேயர் காலத்தில் புதிதாக வந்ததல்ல. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் இங்கே கட்டுவித்த சூடாமணி விகாரத்துக்குச் சோழ அரசு ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்தது. அந்த இராசராசனின் மகன் இராசேந்திரன் சுமார் 1025-ல் படையெடுத்துச் சென்ற கடாரம், இன்று பினாங்கு தீவுக்கு எதிரே இருக்கும் கெடா. ஆக, நாகைக்கும் பினாங்குக்குமான போக்குவரத்துக்கு வயது ஆயிரம் இருக்கும். பௌத்தர்களின் அடையாளமாக எஞ்சி நின்ற மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. 'சீனா பகோடா' என்று வெள்ளைக்காரர்கள் அதை அழைத்தார்கள். நாகையை நெருங்கும் கப்பல்களுக்கு அது ஓர் அடையாளச் சின்னம். 1867-ல் அரசாங்க அனுமதியோடு அது இடிக்கப்பட்டது. கப்பலில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போன காலத்தில் அந்தக் கோபுரம் இல்லை.

டிக்கெட் வாங்கியவர்கள் பார்த்த ஊர்

முதல் வகைப் பயணிகள் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கியவர்கள். மரைக்காயர் வணிகர்கள், செட்டியார்கள், அவர்களுடைய கடைகளில் கணக்கெழுதப் போன இளைஞர்கள், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சிறுகடை வைத்திருந்தவர்கள் ஆகியோர் இந்த வகை. இவர்களிலும் பெரும்பாலோர் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன 'டெக்' பயணிகள்தான். ஆனாலும் கப்பல் வரும்வரை நாகை அவர்களுக்குத் திறந்து கிடந்தது.

கடலோடிகளின் காவலராக மதிக்கப்பட்டவர் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டவர். நாகையிலிருந்து வடக்கே நாலைந்து மைல்தான் நாகூர். கடல் தாண்டும் முன் அங்கே போய் வேண்டிக்கொள்வது முஸ்லிம்களுக்கு மட்டுமான வழக்கம் இல்லை, இந்துக்களும் போனார்கள். அந்தத் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மனோராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். இந்த நம்பிக்கை கப்பலோடு கடல் தாண்டியும் போனது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828-1830-ல் கட்டப்பட்ட நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. பினாங்கிலும் ஒன்று உண்டு. புறப்படும் கரையில் ஒரு தர்கா, போய் இறங்கும் கரையில் அதன் நினைவாக இன்னொன்று!

தெற்கே போனால் வேளாங்கண்ணி மாதா. ஊருக்குள்ளேயே காயாரோகணசுவாமி கோயில், நீலாயதாட்சி அம்மன். கையில் கொஞ்சம் காசும் ஒரு நாள் அவகாசமும் இருந்தால் அந்தந்த மதத்துக்காரர் அந்தந்த இடத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, பயணத்துக்கு வேண்டிய சாமான்களைக் கடைத்தெருவில் வாங்கிக்கொண்டு கரைக்கு வரலாம். பினாங்கு போய்ச்சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஊரை நினைத்துக்கொள்ள அவர்களுக்கு ஏதோ ஒரு கோபுரமோ மனோராவோ இருந்தது.

டிப்போவுக்குள் இருந்தவர்கள்

இரண்டாவது வகையினர் தோட்டத்துக் கூலிகள். எண்ணிக்கையில் இவர்கள்தான் மிக அதிகம். ஆரம்பத்தில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. மலாயாவுக்கு அது 1910-ல் நிறுத்தப்பட்டது. அதற்குள் கங்காணி முறை வேரூன்றிவிட்டது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் உரிமச் சீட்டோடு தன் சொந்த ஊருக்கு வந்து, உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் திரட்டிக்கொண்டு போவார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். 1907-ல் மலாயாவில் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். ரயில் செலவு, சாப்பாடு, கப்பல் கட்டணம் எல்லாம் அந்த நிதியிலிருந்து வந்தன.

செலவெல்லாம் அவர்களுடையது, ஆகவே நேரமும் அவர்களுடையது! ரயிலை விட்டு இறங்கியதும் கூலிகளை நேரே டிப்போவுக்கு அழைத்துப் போனார்கள். மலாயா போகிறவர்களுக்கு இப்படி இரண்டு முகாம்கள் இருந்தன. ஒன்று நாகையில், இன்னொன்று சென்னைக்கு அருகே ஆவடியில். (இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம்.) அங்கே பெயர் பதிவு, மருத்துவப் பரிசோதனை, அம்மைத் தடுப்பூசி. தொற்றுநோய் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சில நாட்கள் அங்கேயே வைத்திருப்பார்கள். நினைத்தபோது எழுந்து வெளியே போய்வரக்கூடிய சத்திரம் அல்ல அது. கப்பல் வந்ததும் டிப்போவிலிருந்து கரை, கரையிலிருந்து படகு, படகிலிருந்து கப்பல். பினாங்கு போனாலும் உடனே ஊருக்குள் விடமாட்டார்கள். ஜெரஜாக் தீவில் மறுபடியும் நோய்த்தடுப்பு முகாம்.

ஆக, விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூலிக்கு நாகப்பட்டினம் என்பது ஒரு ரயில் நிலையம், ஒரு முகாம், ஒரு கடற்கரை, அவ்வளவுதான். நாகூர் மனோரா தூரத்தில் தெரிந்தாலும் அங்கே போக வழியில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த டிப்போதான் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்வதற்கு அவனுக்கு இருந்த கடைசி இடம். சட்டம் அப்படித்தான் நினைத்தது. ஆள் கடத்தலைத் தடுக்கக் கிராம முன்சீபின் கையெழுத்து தேவை என்ற விதி வந்தது. நாகையிலும் சென்னையிலும் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் இருந்தார்கள். 1922-ல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் வந்தது. விதிகள் எல்லாம் காகிதத்தில் சரியாகத்தான் இருந்தன. ஆனால் கங்காணியிடம் முன்பணம் வாங்கி ஊர்க் கடனை அடைத்துவிட்டு வந்தவன், அவர் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அவர் கூட்டிவந்த சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒரு அதிகாரியிடம் "வரவில்லை" என்று எப்படிச் சொல்வான்? திரும்பிப் போனால் ஊரில் என்ன இருக்கிறது? நிலம் இல்லை, பலருக்குச் சாதியின் பெயரால் மரியாதையும் இல்லை. கேள்வி கேட்கப்பட்டது உண்மை. பதில் சொல்லும் சுதந்திரம் எத்தனை பேருக்கு இருந்தது என்பதுதான் விஷயம்.

அதேசமயம், எல்லோரும் ஏமாற்றப்பட்டுத்தான் போனார்கள் என்று சொன்னால் அதுவும் தவறாகிவிடும். ஒருமுறை போய்த் திரும்பி, மறுபடியும் விரும்பிப் போனவர்கள் நிறைய. ரப்பர் விலை ஏறியிருந்த 1926-ல் மட்டும் சுமார் 1,75,000 தென்னிந்தியர்கள் மலாயாவில் போய் இறங்கினார்கள். பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் நடுவில் கிடந்தவர்களுக்குக் கப்பல் ஒரு வழியாகத் தெரிந்தது. நான்கே வருடங்களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தபோது, ஆயிரக்கணக்கானோரை அதே கப்பல்களில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

ரஜுலாவும் அதன் பிறகும்

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1926-ல் கட்டப்பட்ட இரண்டு கப்பல்கள் ரஜுலாவும் ரோனாவும். ரோனா 1943-ல் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியரின் குண்டுக்கு இரையாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களோடு மூழ்கியது. ரஜுலா போரிலிருந்து தப்பித்து வந்து, 1973 வரை ஓடியது. தொடக்கத்தில் அதற்கு ஐயாயிரத்துக்கும் அதிகமான டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்ததாம்! மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் 'ரஜுலா கப்பலில் வந்தவர்கள்' என்று தாத்தா பாட்டியைச் சொல்வது இன்றும் வழக்கம்.

ரஜுலா ஓடிக்கொண்டிருந்தபோதே காலம் மாறியது. 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆட்களை நிதியுதவியில் அனுப்புவதைத் தடை செய்தது. அதன்பின் நாகையில் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் சொந்த டிக்கெட்டில் போகிறவர்கள். போருக்குப் பிறகு பாஸ்போர்ட்டும் குடியேற்றக் கட்டுப்பாடும் வந்தன. ரஜுலாவுக்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. விமானம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாட்களிலேயே மழைக்காலம் குறுக்கிட்டு நின்றுபோய், 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலோடு மீண்டும் தொடங்கியது. இந்தக் கப்பலுக்காக வருகிறவர்கள் முதல்நாளே வந்து நாகூர், வேளாங்கண்ணி, நீலாயதாட்சி கோயில் எல்லாம் பார்த்துவிட்டு ஏறலாம். யாரும் தடுக்கப்போவதில்லை.

கப்பலேறும் முன் ஊர் சுற்றிப் பார்ப்பது சாதாரண விஷயமாகத்தான் தெரியும். ஆனால் நூறு வருடங்களுக்கு முன் இதே நாகையில், வாசலைத் தாண்டி வெளியே போய்வர முடிந்தவன் பயணி, முடியாதவன் கூலி. இருவரும் ஏறியது ஒரே கப்பலில்தான், படுத்ததும் ஒரே டெக்கில்தான். விருத்தாசலத்திலிருந்து போன எத்தனையோ பேர் நாகப்பட்டினத்தைப் பார்க்காமலேயே நாகப்பட்டினம் வழியாகப் போய்விட்டார்கள். இனி நாகை போகிறவர்கள் தர்காவுக்கும் கோயிலுக்கும் போய்விட்டு, கொஞ்ச நேரம் கடற்கரையில் நின்று அவர்களையும் நினைத்துக்கொள்ளலாம்.