கெமிஸ்தமும் வீழ்படிவும்

கரைசல்கள் இரண்டு கூடுமிடத்துக் கரையாத திண்மமொன்று தோன்றி அடியிற் படியுமாயின், அதனை வீழ்படிவு என நம் மாணவர் இலகுவிற் கூறுவர். இவ்வாறு தமிழிற் கூறும் வசதி தானே வந்ததன்று. அதற்கு யாழ்ப்பாணத்தில் நீண்ட வரலாறுண்டு.

அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு இங்கு வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே மாணவரைப் பயிற்றினார். அங்ஙனம் பயின்றோர் ஊரைவிட்டு உத்தியோகம் நாடிச் செல்லக் கண்டு, 1860களிலே தமிழிற் கற்பிக்கலானார். கிராமத்தவர்க்கு உதவும் வைத்தியர் கிராமத்திலேயே தங்குதல் வேண்டுமென்பது அவர் கருத்து. அதற்கு வேண்டிய நூல்களையுந் தமிழில் ஆக்குவித்தார். அவற்றுளொன்றாகிய இரசாயன நூல் 1875இல் நாகர்கோயிலில் அச்சேறியது. அதன் பெயர் ‘கெமிஸ்தம்’.

இப்பெயரைக் கேட்டு இன்று நகைப்பாருமுளர். ஆயின், ஏற்ற தமிழ்ச்சொல் உளதேல் அதனையும், இன்றேல் வடசொல்லையும், அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கிசையத் திரித்தும் ஆளுதல் கிறீனின் முறை. பெயர் பிறமொழியதாயினும் விளக்கந் தமிழினதே.

1950களிலும் 1960களிலும் நம் பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழில் வேரூன்றியபோது கரைசல், வீழ்படிவு, பீசமானம் முதலிய சொற்கள் நிலைபெற்றன. பீசமானமென்பது, பொருள்கள் கூடும் அளவுகளை ஆராய, 1792இல் ஜேர்மானிய அறிஞர் ரிக்டர் பெயரிட்டு வகுத்த துறை. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் உப்புக் கரைசலை விடின், தயிர்போல் வெள்ளிக் குளோரைட்டு வீழ்கின்றது. 1.70 கிராம் வெள்ளி நைத்திரேற்றுக்கு 0.585 கிராம் உப்பே போதும். கிடைக்கும் வீழ்படிவு 1.435 கிராம். மேலும் ஒரு பிடி உப்பைக் கரைத்து விடினும் வீழ்படிவு மிகாது.

ஏன் மிகாது என வினவின், சூத்திரத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவருட் பலர் வாளாவிருப்பர். வெள்ளி முழுவதும் முன்னரே தீர்ந்துவிட்டதென்பதைத் தம் சொல்லாற் கூற அவர்க்கு இயல்வதில்லை. கெமிஸ்தத்துக்குப் பெயர் அயலது, விளக்கந் தமிழ். நமக்கோ பெயர் தமிழ், விளக்கம் மனப்பாடம். ஆங்கிலத்தில் மனனஞ் செய்தலினும் இஃது எவ்வகையில் உயர்ந்தது?

ஆதலின் ஆசிரியர், சோதனைக்குழாயில் வீழ்படிவை முதலிற் காட்டி, கண்டதை மாணவன் தன் மொழியிற் கூறியபின்னரே கலைச்சொல்லைத் தருக. தமிழிற் கற்பித்தலின் பயன் அதுவேயாம்.