கப்பல் தளத்திலிருந்து வந்த எதிரொலி

எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் நாம் முதலில் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான்: ஈ.எஃப். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற கணக்கு. 60 என்றால் நிம்மதி. 30 என்றால், "டாக்டர், இன்னும் எத்தனை நாள்?"

இந்தக் கருவி பிறந்தபோது அதனிடம் யாரும் ஜோசியம் கேட்கவில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் இதய மருத்துவர் எட்லருக்கு இருந்த சிக்கலே வேறு. நோயாளியின் மிட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா, ஒழுகுகிறதா? சுருக்கம் என்றால் அறுவை சிகிச்சையில் விரித்துவிடலாம். ஒழுகல் என்றால் அதே சிகிச்சை கெடுதலாக முடியலாம். உள்ளே எப்படிப் பார்ப்பது?

ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரிடம் கேட்டார். (ஹெர்ட்ஸ் என்ற அலகுக்குப் பெயர் தந்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் இவருக்குத் தாத்தா முறை.) பக்கத்து ஊரான மால்மோவின் கப்பல் கட்டும் தளத்தில், உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெர்ட்ஸ் அந்தக் கருவியைத் தன் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். திரையில் ஒரு எதிரொலி, துடிப்புக்குத் துடிப்பு அசைந்தது. சீமென்ஸிடம் இரவல் வாங்கிய கருவியில் 1953 அக்டோபரில் இருவரும் முதல் பதிவை எடுத்தார்கள்.

அசைவது மேலறையின் சுவர் என்றுதான் எட்லர் முதலில் நினைத்தார். அது வால்வின் இதழ் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இதழ் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை வைத்தே சுருக்கத்தை அளந்தார்.

1960களில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஃபைகன்பாம் இதே வழியில் கீழறையை அளக்க ஆரம்பித்தார். மெல்ல மெல்லக் கேள்வி மாறியது. 'என்ன பழுது' என்பது போய், 'இனி என்ன ஆகும்' என்று ஆனது.

2002இல் வெளியான மாடிட்-2 ஆய்வைப் பாருங்கள். மாரடைப்பு வந்து, எக்கோ போன்ற சோதனைகளில் ஈ.எஃப். 30 அல்லது அதற்கும் கீழே இருந்த 1232 பேர். ஒரு பகுதியினருக்கு மட்டும், தாறுமாறான துடிப்பை அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவியை உடலில் பொருத்தினார்கள். சராசரியாக 20 மாதங்களில் கருவி இல்லாதவர்களில் 19.8 சதவீதமும், இருந்தவர்களில் 14.2 சதவீதமும் இறந்தார்கள். அதாவது சுமார் 18 பேருக்குப் பொருத்தினால் கூடுதலாக ஒருவர் பிழைத்தார். அந்த ஒருவர் யார்? அதை 30 என்ற எண் சொல்லாது. கருவி இல்லாமலேயே ஏறக்குறைய 80 சதவீதம் பேர் உயிரோடுதான் இருந்தார்கள்.

'30-க்கு மேல் போனால் வேண்டாம்' என்று ஒரு கண்டிஷன் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிற தொழில் என்னுடையது. ஆனால் ஒரே இதயத்தை இரண்டு பேர் அளந்தால் சில புள்ளிகள் வித்தியாசம் வருவது சகஜம். போதாததற்கு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஈ.எஃப். நன்றாகவே இருக்கிறது.

அதனால் அந்த எண் பொய் என்று ஆகிவிடாது. கூட்டத்தைப் பற்றி அது சொல்வது உண்மைதான். நம் வீட்டு ஆளைப் பற்றி மட்டும் அதனிடம் நாள் கேட்க முடியாது. "இதை வைத்து இவருக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கலாம். எட்லர் கேட்டதும் அதைத்தான்.